கார் சக்கரம் ஏன் நடுங்குகிறது?

கார் வாங்குவது இன்று பெரிய விஷயம் இல்லை. வங்கியில் கடன் கிடைக்கிறது. மாதா மாதம் தவணை கட்டினால் போதும். ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு கார் இருந்தது. அதுவும் மிராசுதார் வீட்டிலோ, டாக்டர் வீட்டிலோதான் நின்றது. இன்று தெருவுக்குப் பத்துக் கார் நிற்கிறது.

வாங்கிய காரை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். கழுவுகிறோம். துடைக்கிறோம். ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் வைக்கிறோம். எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கிறோம்.

ஆனால், அந்தக் காரைச் சுமந்துகொண்டு ஓடும் சக்கரங்களை என்றைக்காவது குனிந்து பார்க்கிறோமா?

இல்லை! காற்று இருந்தால் சரி. பஞ்சர் ஆகாமல் இருந்தால் சரி. அவ்வளவுதான்.

ஒரு காரின் எடை சுமார் ஆயிரம் கிலோ. அதில் ஐந்து பேர் ஏறுகிறார்கள். மூட்டை முடிச்சும் ஏறுகிறது. இவ்வளவு பாரத்தோடு ஓடும் கார், தரையை எவ்வளவு இடத்தில் தொடுகிறது தெரியுமா? ஒவ்வொரு டயரும் சுமார் ஒரு கை அகலத்துக்குத்தான் தொடுகிறது. நான்கு கை அகலம்! அந்த நான்கு கை அகலத்தை நம்பித்தான் நம் பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறோம்.

அந்தப் பிடி கெட்டுப் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. தேய்ந்த டயர் ஒன்று. குறைந்த காற்று ஒன்று. இவை எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறோம். அதன் பெயர் "வீல் பேலன்சிங்". அதாவது, சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக வைப்பது.

பம்பரம் சொல்லும் பாடம்

சக்கரம் வட்டமாகத்தானே இருக்கிறது? அதில் எடை எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று கேட்கலாம்.

சிறு வயதில் பம்பரம் விட்டவர்களைக் கேளுங்கள். நல்ல பம்பரம் ஒரே இடத்தில் நின்று சுற்றும். தூங்குகிறது என்று சொல்வோம். ஒரு பக்கம் கனமான பம்பரம் தூங்காது. தலையை ஆட்டும். துள்ளும். கையில் ஏந்தினால் உள்ளங்கையைக் குத்தும்.

பம்பரம் விடாதவர்கள், வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஈர ஜமக்காளம் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தால், பிழியும்போது இயந்திரமே இடத்தை விட்டு நகருகிறது. தடதட என்று குதிக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஓடிப்போய் நிறுத்துகிறார்கள். துணியைப் பிரித்துச் சமமாகப் போடுகிறார்கள். சத்தம் நின்றுவிடுகிறது.

காரிலும் நடப்பது இதுவேதான். வித்தியாசம் ஒன்று. துவைக்கும் இயந்திரம் குதித்தால் உடனே நிறுத்துகிறோம். கார் குதித்தால் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்!

டயரில் எடை எப்படி மாறுகிறது?

டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் இல்லை. அதற்குள் நூல் துணி இருக்கிறது. எஃகுக் கம்பி வலை இருக்கிறது. இவற்றை அடுக்கடுக்காகச் சுற்றி, ஓர் ஓரத்தின் மேல் மற்றோர் ஓரம் ஏறும்படி ஒட்டி, பிறகு அச்சில் வைத்துச் சூடாக்குகிறார்கள். ஒட்டிய இடத்தில் கனம் கொஞ்சம் கூடும். எவ்வளவு நல்ல தொழிற்சாலையாக இருந்தாலும் சில கிராம் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

டயரை மாட்டும் இரும்பு ரிம்மிலும் இப்படியே. காற்று அடிக்கும் வால்வு இருக்கும் இடம் கனம். புதிய கார்கள் சிலவற்றில், காற்றை அளந்து சொல்லும் சிறு கருவியைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதுவும் கனம்.

சில புதிய டயரின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். பலர் அதை விலைக் குறி என்று நினைக்கிறார்கள். அது டயரின் கனம் குறைந்த இடம். அந்தப் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்ட வேண்டும். கனம் குறைந்த இடமும் கனம் கூடிய இடமும் சேர்ந்து ஓரளவு சமமாகும். விவரம் தெரிந்த டயர் கடைக்காரர் இதைப் பார்த்துத்தான் மாட்டுவார். அடுத்த தடவை டயர் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

புதிதில் சமமாக இருந்த சக்கரமும் நாளாக ஆக மாறும். டயர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பஞ்சர் ஒட்டினால் ஒட்டுப் போட்ட இடம் கனமாகிறது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளிகிறது. முன்பு அடித்த எடைத் துண்டு கழன்று விழுந்துவிடுகிறது. மழைக் காலத்தில் கிராமத்துப் பாதையில் போய் வந்தால், ரிம்முக்கு உட்புறம் சேறு அப்பிக் காய்ந்துவிடுகிறது. நேற்று வரை நன்றாக ஓடிய கார் இன்று நடுங்கினால், முதலில் அந்தச் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது!

முப்பது கிராம், ஐந்து கிலோ

"சில கிராம்தானே? ஆயிரம் கிலோ காரை அது என்ன செய்யும்?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கயிற்றின் முனையில் கல்லைக் கட்டிச் சுற்றுங்கள். மெதுவாகச் சுற்றினால் கயிறு லேசாக இழுக்கும். வேகமாகச் சுற்றினால் கையைப் பிடுங்கும். கல் அதே கல்தான். ஆனால் வேகம் இரண்டு மடங்கு ஆனால், இழுப்பு நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு இழுப்பு. இது இயற்கையின் விதி.

ஒரு சிறிய காரின் சக்கரம் ஒரு தடவை சுற்றினால், கார் சுமார் 1.8 மீட்டர் தூரம் போகும். ஒரு கிலோ மீட்டர் போக 550 தடவை சுற்ற வேண்டும். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், ஒரு விநாடிக்கு 15 தடவை! "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் பதினைந்து சுற்று.

அந்தச் சக்கரத்தின் ரிம்மில் ஒரு பக்கம் 30 கிராம் கனம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். நான்கு பத்து ரூபாய் நாணயங்களின் எடை. 50 கிலோ மீட்டர் வேகத்தில் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலான சக்தியோடு இழுக்கும். அவ்வளவாகத் தெரியாது. 100 கிலோ மீட்டர் வேகத்தில் சுமார் ஐந்து கிலோ!

ஒரு தடவை மேலே இழுக்கிறது. அடுத்த கணம் கீழே தள்ளுகிறது. விநாடிக்குப் பதினைந்து தடவை. ஐந்து கிலோ சுத்தியலை வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் ஓர் ஆள் உட்கார்ந்து தட்டிக்கொண்டே வருவது போல! சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதற்குள் ஒவ்வொரு சக்கரமும் சுமார் இரண்டரை லட்சம் தடவை சுற்றுகிறது. இரண்டரை லட்சம் அடி!

அந்த அடி எங்கே போய் விழுகிறது? டயரில் விழுகிறது. சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கில் விழுகிறது. ஷாக் அப்சார்பரில் விழுகிறது. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிகளின் மூட்டுகளில் விழுகிறது. கடைசியாக ஓட்டுகிறவரின் தோளிலும் இடுப்பிலும் வந்து விழுகிறது.

அந்தக் காலத்தில் ஏன் தெரியவில்லை?

"எங்கள் அப்பா முப்பது வருஷம் அம்பாசடர் ஓட்டினார். பேலன்சிங் என்ற பேச்சையே கேட்டதில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு.

உண்மைதான். அம்பாசடர் கார் 1957-ம் ஆண்டு முதல் 2014-ம் ஆண்டு வரை நம் நாட்டில் தயாரானது. அதன் பெரும்பகுதிக் காலம் நம் சாலைகள் ஒற்றைச் சாலைகள். மாட்டு வண்டி, சைக்கிள், லாரி எல்லாம் ஒரே சாலையில். ஐம்பது, அறுபது கிலோ மீட்டர் வேகமே பெரிய வேகம். அந்த வேகத்தில் முப்பது கிராம் வாயைத் திறக்காது.

இன்று நாலு வழிச் சாலை வந்துவிட்டது. சின்னக் கார் கூட 80, 90, 100 என்று பறக்கிறது. முப்பது கிராம் பேசத் தொடங்கிவிட்டது!

டயர் தொழிலுக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. காற்றடைத்த டயரை 1888-ம் ஆண்டில் டன்லப் என்ற கால்நடை டாக்டர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். அது அயர்லாந்துத் தீவில் உள்ள பெல்பாஸ்ட் நகரத்துக் கதை. நம் கதை 1946-ம் ஆண்டில் தொடங்குகிறது. திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாமன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்தார். 1952-ம் ஆண்டில் பழைய டயருக்குப் போடும் ரப்பர் செய்தார். 1961-ம் ஆண்டில் டயர் தொழிலிலேயே இறங்கினார். மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்னும் எம்.ஆர்.எப். வளர்ந்த கதை இது. டயர் செய்யும் ஊரில் இருந்துகொண்டு டயரைப் பற்றித் தெரியாமல் இருக்கலாமா?

சக்கரத்துக்குச் சமன் பார்ப்பதும் புதிய சங்கதி இல்லை. நீராவி ரெயில் என்ஜினை அருங்காட்சியகத்தில் பார்த்தால், அதன் பெரிய சக்கரங்களைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் பிறை நிலா வடிவத்தில் கனமான இரும்பு இருக்கும். அழகுக்கு வைத்தது இல்லை. மறு பக்கத்தில் மாட்டியிருக்கும் நீண்ட இரும்புத் தண்டுகளின் கனத்துக்கு ஈடு செய்ய வைத்தது. அது இல்லாவிட்டால் சக்கரம் தண்டவாளத்தையே சம்மட்டி போல அடிக்கும்.

கார் பேசும் பாஷை

சக்கரத்தில் கோளாறு வந்தால் கார் சும்மா இருக்காது. சொல்லும். அதன் பாஷை நமக்குப் புரிய வேண்டும்.

வேகம் எண்பதைத் தாண்டும்போது ஸ்டியரிங் கையில் நடுங்குகிறதா? முன் சக்கரத்தில் எடைக் கோளாறு இருக்கலாம். ஸ்டியரிங் சும்மா இருக்கிறது. ஆனால் சீட்டும் தரையும் அதிருகிறதா? பின் சக்கரத்தைப் பாருங்கள். பின் சீட்டில் உட்காரும் பாட்டிக்கு இது முதலில் தெரியும். "என்னடா, கால் மரத்துப் போகிறதே" என்பார். வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்!

பிரேக் போடும்போது மட்டும் நடுக்கம் வந்தால், அது பெரும்பாலும் பிரேக் வட்டின் கோளாறு. பேலன்சிங் செய்து பயன் இல்லை.

நேரான சாலையில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், அது "அலைன்மென்ட்" கோளாறாக இருக்கலாம். காற்று ஒரு பக்கம் குறைந்தாலும் இழுக்கும். அலைன்மென்ட் என்பது வேறு. பேலன்சிங் என்பது வேறு. சக்கரங்கள் நேராக, சரியான சாய்வில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அலைன்மென்ட். ஒரு சக்கரத்துக்குள்ளேயே எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது பேலன்சிங். இரண்டையும் ஒன்று என்று நினைத்து, ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டும் ஆயிற்று என்று திரும்புகிறவர்கள் பலர்.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் பேலன்சிங் அல்லது ஷாக் அப்சார்பர். கையை விடக் கண் கெட்டிக்காரத்தனம் இல்லாதது. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும்.

வேகத்தைக் கூட்டினால் நின்றுவிடுமாம்!

இங்கே ஒரு பெரிய அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாடகைக் காரில் போகிறீர்கள். எண்பத்தைந்தில் ஸ்டியரிங் ஆடுகிறது. "தம்பி, ஏன் இப்படி ஆடுகிறது?" என்று கேட்கிறீர்கள். "அது ஒன்றும் இல்லை சார். கொஞ்சம் வேகம் கூட்டினால் நின்றுவிடும்" என்கிறார் டிரைவர். நூற்றுப் பத்துக்கு முடுக்குகிறார். சொன்னபடியே ஆட்டம் குறைகிறது! டிரைவர் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

என்ன நடந்தது? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சின்னக் குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் போகாது. சக்கரமும், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும், டயரும் சேர்ந்து ஓர் ஊஞ்சல் மாதிரி. அதற்கென்று ஒரு தாளம் உண்டு. பல கார்களில் அது விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து ஆட்டம். 80 முதல் 100 கிலோ மீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றும் கணக்கும் ஏறக்குறைய அதுவே. இரண்டு தாளமும் ஒன்று சேரும்போது ஆட்டம் பெரிதாகிறது. வேகத்தைக் கூட்டினால் தாளம் பிரிந்துவிடுகிறது. நடுக்கம் கைக்குத் தெரியாமல் போகிறது.

ஆனால் அடி போய்விட்டதா? போகவில்லை! முன்பு சொன்ன கணக்கின்படி, வேகம் கூடினால் அடியும் கூடுகிறது. எண்பத்தைந்தில் மூன்றரை கிலோ என்றால், நூற்றுப் பத்தில் ஆறு கிலோ. பல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கரும்பு கடிப்பது போன்ற வைத்தியம் இது. நடுங்கும் காரை வேகப்படுத்தும் டிரைவரிடம், "மெதுவாகப் போ தம்பி, நேரமானாலும் பரவாயில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கூச்சப்பட வேண்டாம்.

இந்த இடத்தில் நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பேலன்சிங் இல்லாத ஒரே காரணத்தால் சக்கரம் கழன்று ஓடிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. முப்பது கிராம் உடனே காரைக் கவிழ்க்காது. அது மெல்ல மெல்ல வேலை செய்யும். டயரைக் குழி குழியாகத் தேய்க்கும். மூட்டுகளைத் தளர்த்தும். துள்ளும் டயர் சாலையைச் சரியாகப் பிடிக்காது. மழை பெய்து சாலை நனைந்திருக்கும் ஒரு நாளில், குறுக்கே ஆடு ஓடும். பிரேக்கை மிதிப்போம். அப்போது எல்லாக் கணக்கும் ஒன்றாகத் தீர்க்கப்படும்.

அதை விட மோசமானது பழக்கம். "நம் கார் எப்போதும் இப்படித்தான் ஆடும்" என்று ஒருவர் பழகிவிட்டால், வேறு ஆபத்து வந்து ஆடும்போதும் அவருக்குத் தெரியாது. சக்கரத்தின் நட்டு தளர்ந்தாலும் கார் ஆடும். டயருக்குள் கம்பி வலை பிரிந்து, பக்கத்தில் பலூன் போல உப்பினாலும் ஆடும். இவை உயிருக்கே ஆபத்தானவை. உப்பிய டயர் எந்த நிமிஷமும் வெடிக்கலாம்.

ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று நடுங்கத் தொடங்கினால் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். வேகத்தை மெல்லக் குறையுங்கள். ஓரமாக நிறுத்துங்கள். குடும்பத்தைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். நட்டுகளைப் பாருங்கள். டயரைச் சுற்றிப் பாருங்கள். சமீபத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தால் நட்டு மீது சந்தேகம் கட்டாயம் வர வேண்டும்.

கடையில் என்ன செய்கிறார்கள்?

டயர் கடையில் ஒரு பெட்டி போன்ற இயந்திரம் இருக்கும். பக்கத்தில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். காரிலிருந்து சக்கரத்தைக் கழற்றி அந்தத் தண்டில் மாட்டுகிறார்கள். ரிம்மின் குறுக்களவு, அகலம், இயந்திரத்திலிருந்து அதன் தூரம் ஆகிய மூன்றையும் இயந்திரத்துக்குச் சொல்கிறார்கள். மூடியை இறக்கினால் சக்கரம் சுற்றும். சில விநாடிகளில் நின்றுவிடும்.

பலகையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று சக்கரத்தின் உட்புறத்துக்கு. மற்றொன்று வெளிப்புறத்துக்கு. உள்ளே 25, வெளியே 15 என்று காட்டினால், அத்தனை கிராம் எடையை அங்கங்கே வைக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஏன் இரண்டு பக்கம்? சக்கரம் மேலும் கீழும் குதிப்பது ஒரு கோளாறு. இடமும் வலமும் தலையாட்டுவது மற்றொரு கோளாறு. பழைய காலத்தில் நீர்க்குமிழி வைத்த கருவியில் சக்கரத்தைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அதில் குதிப்பு மட்டும்தான் தெரியும். தலையாட்டம் தெரியாது. சுற்றிப் பார்த்தால்தான் இரண்டும் தெரியும்.

எந்த இடத்தில் எடை வைப்பது என்பதையும் இயந்திரமே காட்டும். இரும்பு ரிம் என்றால் கவ்வி உள்ள எடைத் துண்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவார்கள். பளபளக்கும் அலாய் ரிம் என்றால் உட்புறத்தில் ஒட்டுவார்கள்.

பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பல கடைகளில் கூட்டம் அதிகமாக இருந்தால் இதை விட்டுவிடுகிறார்கள். எடை வைத்த சக்கரத்தை மறுபடியும் சுற்ற வேண்டும்! இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால்தான் வேலை முடிந்தது. "தம்பி, இன்னொரு தடவை சுற்றிக் காட்டு" என்று கேளுங்கள். அரை நிமிஷ வேலை. கோபித்துக்கொள்கிற கடைக்கு அடுத்த தடவை போகாதீர்கள்.

சக்கரத்தை மாட்டும் முன் பழைய எடைத் துண்டுகளை எடுத்துவிட வேண்டும். டயர் இடுக்கில் சிக்கிய கல்லை நீக்க வேண்டும். சேற்றைத் துடைக்க வேண்டும். சேற்றோடு எடை பார்த்தால், அடுத்த மழையில் சேறு கரைந்துவிடும். கொடுத்த காசும் அதோடு கரைந்துவிடும்.

ஒரு சக்கரத்துக்கு நூறு கிராமுக்கு மேல் எடை கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரிம் நெளிந்திருக்கலாம். டயர் சரியாக உட்காராமல் இருக்கலாம். டயரைக் கழற்றி, ரிம்மின் மேல் அரை வட்டம் திருப்பி மாட்டிப் பார்த்தால் பல சமயம் எடை குறைந்துவிடும். அதைச் செய்யாமல் எடை மேல் எடையாக ஒட்டிக்கொண்டே போகிறவர் நல்ல தொழிலாளி இல்லை.

எப்போது செய்வது? புதிய டயர் போட்டால் செய்ய வேண்டும். டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் பஞ்சர் ஒட்டினால் செய்ய வேண்டும். பெரிய பள்ளத்தில் "டமார்" என்று விழுந்தால் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்தாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை. உங்கள் கார் புத்தகத்தில் வேறு கணக்குப் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். செலவு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய். ஒரு புதிய டயரின் விலை பல ஆயிரம்.

யார் யார் கவனிக்க வேண்டும்?

சொந்தக் காருக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். வாடகைக் காருக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் யார் இருக்கிறார்கள்?

பழனிக்கும் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் குடும்பம் குடும்பமாக வாடகை வண்டியில் போகிறார்கள். இரவு முழுவதும் பிரயாணம். வண்டிச் சொந்தக்காரர் வீட்டில் தூங்குகிறார். டிரைவர், நடுங்கும் ஸ்டியரிங்கை ஆறு மணி நேரம் பிடித்துக்கொண்டு கண் விழித்து ஓட்டுகிறார். கை சோர்ந்துவிடும்; கண்ணும் சோர்ந்துவிடும். வண்டியின் கோளாறைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அவர் பயப்படும்படி சொந்தக்காரர்கள் நடந்துகொள்ளக் கூடாது. டிரைவர் வந்து "வண்டி ஆடுகிறது ஐயா" என்றால், அன்றைய வாடகையை விட அந்த வார்த்தை பெரிது.

பள்ளிக்கூட வேனில் ஏறும் குழந்தைக்கு எதுவும் தெரியாது. பெற்றோர்கள் கேட்கலாம். கட்டணம் கட்டும்போது, டயர் எப்போது மாற்றினீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் உயரம் 1.6 மில்லி மீட்டர். டயர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால் அதன் ஆயுசு முடிந்தது. இதைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். குனிந்து பார்த்தால் போதும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளையும் கேட்டுக்கொள்கிறோம். கிளச், கியர், கை சைகை எல்லாம் சொல்லித் தருகிறீர்கள். எட்டுப் போடவும் பழக்குகிறீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், டயர் கடைக்கு மாணவர்களை அழைத்துப் போனால் என்ன?

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சாலையில் பள்ளம் தோண்டுகிறவர்கள் அதை மூடுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மூடினாலும் மேடாக மூடுகிறார்கள். அறிவிப்புப் பலகையும், வெள்ளைக் கோடும் இல்லாத வேகத்தடைகள் இரவில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டி வாங்கும்போது வரி கட்டுகிறோம். சுங்கச் சாவடியில் கட்டணம் கட்டுகிறோம். காலையில் காசு கொடுத்துச் சமன் செய்த சக்கரம், மாலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்தால் அந்தச் செலவு யாருடையது?

ஈயம் ஜாக்கிரதை!

சக்கரத்தில் வைக்கும் எடைத் துண்டுகளைப் பல காலமாக ஈயத்தில் செய்து வந்தார்கள். ஈயம் விஷம். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் 2005-ம் ஆண்டு முதல் புதிய கார்களுக்கு ஈய எடை கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்கிறார்கள். கடையில் இரண்டு வகையும் இருந்தால், ஈயம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

சக்கரத்திலிருந்து கழன்ற துண்டுகள் சாலை ஓரத்தில் கிடக்கும். சின்னதாக, வளைவாக, கனமாக இருக்கும். குழந்தைகளுக்கு அது நல்ல விளையாட்டுச் சாமான். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது. டயர் கடையில் வேலை செய்யும் தம்பிகளும் டீ குடிக்கும் முன், சாப்பிடும் முன், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு சக்கரத்துக்கு எடை பார்க்கிறவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். டிக்கியில் தூங்கும் அந்தச் சக்கரம், என்றாவது ஒரு நாள் நடுச் சாலையில், இருட்டில், அவசரமாக மாட்டப்படும். வீடு வந்து சேரும் வரை அதில்தான் ஓட வேண்டும். கடையில் "நாலு வீலா சார்?" என்று கேட்பார்கள். ஐந்து என்று சொல்லுங்கள். அப்படியே அதற்கும் காற்று அடித்துவிடச் சொல்லுங்கள்.